வானம் பார்த்த பூமியில் தண்ணீர் குடித்த எஞ்சின்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் தண்ணீரை ரகம் பிரித்துத்தான் பேசுவார்கள். கண்மாய்த் தண்ணீர் வெள்ளாமைக்கு. ஊருணித் தண்ணீர் குடிக்க. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் துணி துவைக்க, மாட்டுக்குக் காட்ட. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாள்களை ஒரு வருஷத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்படிப்பட்ட வானம் பார்த்த பூமியின் மேற்கு ஓரமாக, 1876 ஜனவரி முதல் தேதி, ஓடுகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீரைக் குடித்துவிட்டு அதில் ஒரு சொட்டைக்கூடத் திருப்பித் தராத ஓர் இயந்திரம் ஓடத் தொடங்கியது. அது மதுரையிலிருந்து விருதுபட்டி, சாத்தூர், மணியாச்சி வழியாகத் தூத்துக்குடி போன தென்னிந்திய ரயில்வேயின் நீராவி எஞ்சின்.

பழைய எஞ்சின் என்றதும் எல்லோருக்கும் நெருப்பும் கரியும் புகையும்தான் நினைவுக்கு வரும். பெயரே புகைவண்டி. ஆனால் கரியைக் கப்பலில் கொண்டு வரலாம், விறகைக் காட்டில் வெட்டலாம். தண்ணீரை மட்டும் எஞ்சின் போகிற வழியில்தான் பிடித்தாக வேண்டும். ஆகவே நம் சீமையில் நீராவி எஞ்சினின் கதை முக்கால்வாசி தண்ணீரின் கதைதான் என்பது என் எண்ணம்.

கம்பெனியின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற பெயரில் 1850-களில் இங்கிலாந்தில் தொடங்கியது அது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லும், திருச்சிராப்பள்ளிக்கு அடுத்த ஆண்டிலும் அகலப் பாதை போட்டது. 1874-ல் கர்னாடிக் ரயில்வேயோடு சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. மறு ஆண்டில் மதுரைக்கும், அதற்கடுத்த ஜனவரியில் தூத்துக்குடிக்கும் வந்து சேர்ந்தது.

தெற்கே வந்த பாதை மட்டும் அகலப் பாதை இல்லை, மீட்டர் கேஜ். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. செலவைக் குறைக்கக் குறுகிய பாதை போதும் என்று 1870 வாக்கில் வைஸ்ராய் மேயோ பிரபு முடிவெடுத்தார். எவ்வளவு குறுகியது என்பதில் அடி, அங்குலக் கணக்கில் பெரிய வாக்குவாதம். இந்தியா சீக்கிரமே மெட்ரிக் அளவுக்கு மாறப் போகிறது என்று அப்போது எதிர்பார்த்தார்கள். எதற்கு வம்பு என்று சரியாக ஒரு மீட்டர் என்று வைத்துவிட்டார்கள். மெட்ரிக் அளவுகளை நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம் இந்தியாவில் நிறைவேறியது 1956-ல். எண்பது ஆண்டுக்கும் மேலாக, படி, மரக்கால், கஜம், பர்லாங் என்று அளந்துகொண்டிருந்த சீமையில் ரயில் தண்டவாளம் மட்டும் மெட்ரிக்கில் கிடந்தது. நாகப்பட்டினத்து அகலப் பாதையையும் 1870-களிலேயே பெயர்த்து மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். நம் காலத்தில் அதை மறுபடி பெயர்த்து அகலப் பாதை ஆக்கியிருக்கிறோம்.

எஞ்சின்கள் கிளாஸ்கோ, மான்செஸ்டர், லீட்ஸ் தொழிற்சாலைகளில் பிறந்தவை. இந்திய மீட்டர் கேஜின் உழைப்பாளி என்று சொல்ல வேண்டுமென்றால் எஃப் வகையைச் சொல்ல வேண்டும். 1870-களின் நடுவில் வந்தது. ஆறு சக்கரம், ஆறையும் பிஸ்டனே உருட்டும். முன்னே பின்னே வெறும் பாரம் தாங்கும் சக்கரம் கிடையாது, அதனால் எஞ்சினின் எடை முழுவதும் தண்டவாளத்தைப் பிடிக்க உதவும். வேகம் குறைவு, இழுவை அதிகம். இந்தியாவிலேயே முழுதாகக் கட்டப்பட்ட முதல் ரயில் எஞ்சினும் இதே வகைதான். அஜ்மீர் பட்டறையில் 1895-ல் செய்தது. எண் 734. டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. தென்னிந்திய ரயில்வேக்குப் பட்டறை நாகப்பட்டினத்தில் இருந்தது. அது திருச்சி பொன்மலைக்கு இடம் மாறியது 1920-களின் கடைசியில்.

இனி அந்த எஞ்சினின் வயிற்றுக்குள் போவோம்.

ஒரு லிட்டர் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் கொதிக்க வைத்து முழுக்க ஆவியாக்கினால், அந்த ஆவி ஏறக்குறைய 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும். இந்த விரிவுதான் எஞ்சினின் பலம் முழுவதும். ஆனால் திறந்த பாத்திரத்தில் விரிந்தால் யாருக்கும் பயனில்லை. ஆகவே இரும்புக் கொதிகலனுக்குள் அடைத்துக் கொதிக்க வைக்கிறார்கள். அந்தக் காலத்து எஞ்சின்களில் அழுத்தம் வெளிக்காற்றைப் போல எட்டு, ஒன்பது மடங்கு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 180 டிகிரிக்கு அருகில்தான் கொதிக்கும். அப்போது உண்டாகும் நீராவி தண்ணீரைப் போல 200 மடங்கு இடத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கும். 200 மடங்கில் அடைபட்டது 1,700 மடங்காக விரியத் துடிக்கிறது. அந்தத் துடிப்பைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தள்ளவைத்து, தள்ளலை இணைப்புத் தண்டால் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றினால் வண்டி நகரும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டால் வயிறு எரியும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை இந்த அழுத்தத்தில் நீராவியாக்க ஏறக்குறைய 2,650 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதில் 640-ஐத் தவிர மீதி இரண்டாயிரமும் சூட்டை ஏற்றப் போகவில்லை. திரவமாக இருந்ததை ஆவியாக்க மட்டுமே போகிறது. பிஸ்டன் அந்த நீராவியிடமிருந்து வேலையாக வாங்குவதோ 200 கிலோஜூலுக்குள்தான். வேலை முடிந்த நீராவி, விழுங்கிய வெப்பத்தில் பெரும்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு புகைபோக்கி வழியே ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. கொதிகலனில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால், நூறு பங்கு எரிபொருளில் ஐந்து பங்குதான் வண்டியை இழுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அதிசயம் என்று உலகமே கொண்டாடிய இயந்திரத்தின் தேர்வு மதிப்பெண் நூற்றுக்கு ஐந்து.

ஆனாலும் அந்த வெளியேறும் நீராவி முழுக்க வீண் இல்லை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இருக்கிறது. சிலிண்டரிலிருந்து வெளிவரும் நீராவியைப் புகைபோக்கிக்கு நேர் கீழே ஒரு குறுகிய குழாய் வழியாக மேல்நோக்கிப் பீய்ச்சிவிடுவார்கள். அது பாய்ந்து போகும்போது சுற்றியிருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். புகைப்பெட்டியில் வெற்றிடம் போன்ற ஓர் இழுப்பு உண்டாகும். அந்த இழுப்பு, கொதிகலனின் நீளவாக்கில் தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கும் நூற்றுச் சொச்சம் மெல்லிய குழாய்களின் வழியாக நெருப்பின் சூட்டை உறிஞ்சும். மறுமுனையில் அடுப்புக்குள் புதுக் காற்று புகுந்து நெருப்பை வளர்க்கும். துருத்தி ஊத ஆள் வேண்டாம். மேட்டில் ஏறும்போது சிலிண்டர் அதிக நீராவியைக் கேட்கும், அதிக நீராவி வெளியே போகும், இழுப்பு கூடும், நெருப்பு தானாகவே கூடும். இறக்கத்தில் எல்லாம் தானாகவே அடங்கும். எவ்வளவு உழைப்போ அவ்வளவு நெருப்பு. ரிச்சர்ட் டிரெவிதிக் 1804-லேயே புகைபோக்கிக்குள் இதைச் செய்து பார்த்தார். ஸ்டீபன்சன்களின் ‘ராக்கெட்’ 1829-ல் இதையும் பல குழாய்க் கொதிகலனையும் சேர்த்துக் காட்டிய பிறகு, நீராவி எஞ்சின் என்றாலே இந்த அமைப்புதான் என்று ஆகிவிட்டது.

குழந்தைகள் ரயில் விளையாடும்போது போடும் ‘சிக்குபுக்கு’ சத்தம் இந்தக் குழாயிலிருந்து வருவதுதான். இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி தள்ளும். ஆகச் சக்கரம் ஒரு சுற்று சுற்ற நான்கு மூச்சு. ஒரு மீட்டரைச் சற்றே தாண்டிய விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் மூன்றரை மீட்டர் அளவுக்கு உருளும். மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு ஏறக்குறைய பத்து மூச்சு. அதனால்தான் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது தனித்தனியாக எண்ண முடிகிற சத்தம், சிக்னலைத் தாண்டுவதற்குள் ஒரே இரைச்சலாகிவிடுகிறது. அதில் ஒவ்வொரு மூச்சும் கொஞ்சம் தண்ணீர்.

எவ்வளவு தண்ணீர்? தோராயமாக ஒரு கணக்குப் பார்க்கலாம். 200 டன் எடையுள்ள வண்டியைச் சமதரையில் மணிக்கு 25, 30 கிலோமீட்டரில் இழுக்க நூறு குதிரைத்திறன் அளவுக்கு வேண்டும். அக்காலத்து எளிய எஞ்சின் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தரப் பதினான்கு கிலோ நீராவியாவது கேட்கும். ஆக மணிக்கு 1,400 லிட்டர். மதுரையிலிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய 160 கிலோமீட்டர். ஆறு மணி நேர ஓட்டம் என்று வைத்தால் 8,000 லிட்டருக்கு மேல். எஞ்சினுக்குப் பின்னால் இழுத்துப் போகும் டெண்டர் தொட்டியில் ஒரே தடவையாக நிரப்பி ஓட்டிவிட முடியாது. இடையிடையே நின்று பிடிக்க வேண்டும்.

ஆகவே ரயில்காரன் இந்த வழியைப் பார்த்த பார்வை, நம் ஊர்க்காரன் பார்வையாகவே இருந்திருக்க வேண்டும்: எங்கே ஊற்று, எங்கே நல்ல தண்ணீர்? திருமங்கலம் குண்டாற்றங்கரை. சாத்தூர் வைப்பாற்றங்கரை. இரண்டுமே பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கும் ஆறுகள். ஆனால் மணலுக்கு அடியில் நீர் ஓடும் என்பது ஆற்றில் ஊற்றுத் தோண்டி இறைத்துக் குடித்த எவருக்கும் தெரியும். அந்த மணலை ஒட்டிக் கிணறு வெட்டி, உயரத்தில் தொட்டி கட்டி, தண்டவாளத்தின் ஓரம் வளைந்த இரும்புக் குழாயை நட்டு, அதன் நுனியில் ஒரு நீண்ட பையைத் தொங்கவிட்டால் எஞ்சினுக்குத் தண்ணீர்ப் பந்தல் தயார்.

இந்த வழி திறந்த நேரத்தைப் பாருங்கள். ஜனவரியில் திறந்தார்கள். அதே 1876-ன் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அதுதான் தாது வருஷத்துப் பஞ்சம். 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடி லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது. துறைமுகங்களில் இறங்கிய அரிசி உள்நாட்டுக்குப் போனது ரயிலில். அதே ரயில், விலை குறைவாக இருந்த ஊர்த் தானியத்தை விலை ஏறிய ஊருக்கு அள்ளிக்கொண்டு போகவும் வழி செய்தது என்று அப்போதே குறை சொன்னவர்கள் உண்டு. இரண்டும் உண்மைதான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பது நியாயமில்லை.

தொட்டியில் தண்ணீர் ஏறியாயிற்று. அதைக் கொதிகலனுக்குள் அனுப்புவது எப்படி? உள்ளே ஒன்பது மடங்கு அழுத்தம், வெளியே சாதாரணத் தண்ணீர். கதவைத் திறந்தால் உள்ளிருப்பதுதான் வெளியே பாயும். ஆரம்பத்தில் சக்கரத்தோடு இணைத்த பம்பால் தள்ளினார்கள். வண்டி நின்றால் பம்பும் நின்றுவிடும். 1858-ல் ஹென்றி ஜிஃபார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் இன்ஜெக்டர் என்ற சிறு கருவியைக் கொண்டுவந்தார். அதில் நகரும் உறுப்பு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. கொதிகலனின் நீராவியையே எடுத்து ஒரு கூம்புக்குள் பாயவிடுவார். அது அசுர வேகத்தில் வந்து குளிர்ந்த தண்ணீரைத் தொட்டதும் சுருங்கித் தண்ணீராகிவிடும். வேகம் மட்டும் போகாது. அந்த வேகத்தைத் தண்ணீர் முழுவதும் வாங்கிக்கொண்டு, அடுத்த விரியும் கூம்புக்குள் நுழையும். அங்கே வேகம் குறையக் குறைய அது அழுத்தமாக மாறும். கொதிகலனின் அழுத்தத்தையே மிஞ்சும் அழுத்தம். தடுப்பு வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு தண்ணீர் உள்ளே போய்விடும். கொதிகலனிலிருந்து வந்த நீராவி, அதே கொதிகலனுக்குள் அதன் அழுத்தத்தை எதிர்த்துத் தண்ணீரைத் தள்ளுகிறது. இதை முதன்முதலில் கேட்ட பொறியாளர்கள் பலர் ஏதோ ஏமாற்று வேலை என்றே நினைத்தார்கள். ஏமாற்று இல்லை. நீராவி தன்னுள் வைத்திருக்கும் வெப்பத்தைச் செலவழித்து அந்த வேலையைச் செய்கிறது.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். நீராவியைச் சட்டென்று சுருக்கினால்தான் தந்திரம் பலிக்கும். பழைய இன்ஜெக்டர்கள், தண்ணீர் 40, 45 டிகிரிக்கு மேல் சூடானால் அடம் பிடிக்கும், கக்கிவிடும். சித்திரை வெயிலில் கருப்புச் சாயம் பூசிய இரும்புத் தொட்டிக்குள் கிடக்கும் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கும் என்பது, மத்தியானம் மொட்டைமாடிக் குழாயைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்ட நமக்குத் தெரியாதா? ஸ்காட்லாந்து மழையில் இந்தக் கவலை இல்லை.

தண்ணீர் உள்ளே போகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுப்பின் கூரை அந்நாளில் செம்புத் தகடு. அதன் மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். கீழே தகிக்கும் நெருப்பின் சூட்டை அந்தத் தண்ணீர்தான் வாங்கிக்கொள்கிறது. தண்ணீர் மட்டம் இறங்கிக் கூரை வெளியே தெரிந்தால் செம்பு நிமிஷங்களில் இளகும், அழுத்தம் தாங்காமல் கிழியும். 180 டிகிரியில் அடைபட்டிருந்த தண்ணீர், அழுத்தம் விலகிய கணமே தன்னில் ஏழில் ஒரு பங்கை ஆவியாக்கிக்கொள்ளும். ஒரு லிட்டருக்கு 250 லிட்டர் ஆவி, ஒரு நொடிக்குள். கொதிகலனில் இருப்பதோ ஆயிரக்கணக்கான லிட்டர். இதற்குக் கடைசிக் காவலாகக் கூரைத் தகட்டில் ஈயம் நிரப்பிய ஒரு திருகாணி வைத்திருப்பார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும். மட்டம் இறங்கினால் முதலில் ஈயம் உருகி, நீராவி அடுப்புக்குள் பீய்ச்சி எச்சரிக்கும். ஃபயர்மேன் கரி அள்ளிப் போடுபவர் என்று நாம் நினைக்கிறோம். அவருடைய முதல் வேலை கண்முன்னே இருக்கும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது.

இத்தனையும் நல்ல தண்ணீர் கிடைத்தால். நம் பக்கத்துக் கிணறுகளில் பாதி உப்பு.

வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிந்து, புளி போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாத பொருக்கு ஒன்று உண்டல்லவா? அதுவேதான் கொதிகலனுக்குள்ளும் படியும். தண்ணீர் ஆவியாகிப் போகும், அதில் கரைந்திருந்தது போகாது. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கரைந்த தண்ணீர் நம் சீமையில் அதிசயம் இல்லை. மதுரை முதல் தூத்துக்குடி வரை 8,000 லிட்டர் ஆவியானால், ஒரே நடையில் எட்டுக் கிலோ உப்பும் சுண்ணாம்பும் உள்ளே தங்கிவிடும். போய்த் திரும்பினால் பதினாறு கிலோ. கொதிகலன் கொள்ளளவு இரண்டாயிரம் லிட்டர் என்றால், ஒரு நடை முடிவதற்குள்ளேயே உள்ளிருக்கும் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட ஐந்து மடங்கு உப்பாகிவிடும்.

இதில் இரண்டு விதமான கேடு. சுண்ணாம்புச் சத்து சூடு ஏறியதும் கரைசலிலிருந்து பிரிந்து குழாய்களின் மேல் படிகிறது. கால்சியம் சல்பேட் இன்னும் மோசம், சூடு ஏற ஏறக் கரைதிறன் குறையும் வகை. எங்கே அதிகச் சூடோ அங்கேயே கல்லாக ஒட்டும். இந்தப் பொருக்கு, இரும்பைவிடப் பல மடங்கு மெதுவாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாமல் உலோகத்திலேயே தங்கும். விறகு கூடுதலாகச் செலவாகும், குழாய் சீக்கிரம் கெடும். இரண்டாவது கேடு, சோடியம் உப்புகளால். அவை படியாது, ஆனால் செறிவு கூடியதும் கொதிக்கும் தண்ணீர் நுரைக்கத் தொடங்கும். நுரை நீராவிக் குழாய்க்குள் ஏறி, நீராவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குப் போகும். நீராவியை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. பிஸ்டனுக்கும் மூடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு கை தண்ணீர், இரும்பு மூடியையே பிளந்துவிடும்.

இதற்கு அன்றைய மருந்து மூன்று. சோடா உப்புப் போட்டுச் சுண்ணாம்பைச் சேறாக்குவது. ஓடும்போதே அடிவால்வைத் திறந்து கொஞ்சம் உப்புத் தண்ணீரைப் பீய்ச்சி வெளியேற்றுவது. சில நாளுக்கு ஒருமுறை எஞ்சினை ஷெட்டில் நிறுத்தி, நெருப்பை அணைத்து, ஆறவிட்டு, மூடிகளைக் கழற்றி, கம்பி விட்டுக் கிளறி, நல்ல தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவுவது. இந்த மூன்றாவது வைத்தியத்துக்கும் ஆயிரக்கணக்கான லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். எஞ்சின் குடித்தது போக, அதற்கு வாய் கொப்பளிக்கவும் ஊர்த் தண்ணீர்.

இந்தத் துன்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் நெவாடா பாலைவனத்தைக் கடந்த சென்ட்ரல் பசிபிக் ரயில்வே, ஊற்று இல்லாத நீண்ட தூரங்களுக்குத் தண்ணீரையே தனி வேகன்களில் ஏற்றி அனுப்பியது. தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட வெளிக்கு 1950-களில், வெளியேறும் நீராவியைக் குளிர்வித்து மறுபடி தண்ணீராக்கிக்கொள்ளும் ராட்சத எஞ்சின்கள் தொண்ணூறு வாங்கினார்கள். தண்ணீர் மிச்சமானது உண்மை. ஆனால் புகைபோக்கியில் பீய்ச்ச நீராவி இல்லாததால் நெருப்பை ஊதத் தனி விசிறி, நீராவியைக் குளிர்விக்க இன்னும் பல விசிறி என்று பராமரிப்புச் செலவு தலைக்கு மேல் போய், பெரும்பாலானவற்றைச் சாதாரண எஞ்சினாகவே திருப்பி மாற்றினார்கள். ஒரு மூச்சில் எத்தனை வேலை நடந்தது என்பது அதை நிறுத்திப் பார்த்தபோதுதான் புரிந்தது.

எரிபொருள் விஷயத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். தெற்கே பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. முதல் சில பத்தாண்டுகள் பெரும்பாலும் விறகுதான். ஒரு கிலோ நல்ல நிலக்கரிக்கு இரண்டு கிலோ விறகு என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றியிருந்த காடு கரைந்தது. ரயிலுக்கு விறகு வேண்டும் என்ற தேவையும் சேர்ந்துதான் சென்னை மாகாணத்துக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகளைப் பெருக்கியது. இன்று திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேல், கரிமூட்டம். எஞ்சின் விறகில் ஓடிய காலத்தில் இந்த விறகு இல்லை. விறகு மண்டிக் கிடக்கும்போது எஞ்சின் இல்லை.

இவ்வளவு பாடுபட்டு அந்த எஞ்சின் என்ன வேகத்தில் போனது? அதற்குத் திருச்சுழியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற பையன், 1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை நடுப்பகலில், மதுரையில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினான். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்தவர். கையில் மூன்று ரூபாய். வழி பார்த்தது ஒரு பழைய அட்லஸில். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு ரயில் போட்டுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன, ஆனால் அட்லஸில் அது ஏறவில்லை. ஆகவே திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தான். இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. நேரமாகிவிட்டதே, வண்டி போயிருக்கும் என்று பயந்து போனவனுக்கு, வண்டி தாமதமாக வந்தது உதவியது. விழுப்புரத்திலிருந்தே ரயில் உண்டு என்று வழியில் தெரிந்ததால், மறுநாள் விடிவதற்கு முன் மூன்று மணிக்கு விழுப்புரத்திலேயே இறங்கினான்.

பக்தர்கள் இந்தப் பயணத்தில் அருணாசலத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு அதோடு ஒரு வேகக் கணக்கும் தெரிகிறது. அரியலூர் வழியாகப் போகும் கார்டு லைன் அப்போது கிடையாது. திருச்சி, தஞ்சாவூர், மாயவரம், கடலூர் என்று சுற்றிப் போக வேண்டும். ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பதினைந்து மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. நிறுத்தங்களும் தண்ணீர் பிடித்த நேரமும் உட்பட மணிக்கு 27 கிலோமீட்டர் சராசரி. கட்டணத்தையும் பார்க்கலாம். 45 அணா என்றால் 540 தம்பிடி. திண்டிவனம் வரை 270 மைல் வரும். மைலுக்கு இரண்டு தம்பிடி. மாட்டு வண்டியில் பத்து நாளாகக்கூடிய தூரத்தை, மூன்று ரூபாய்க்குள் ஒரு பள்ளிக்கூடப் பையன் ஒரு ராத்திரியில் கடந்தான். நூற்றுக்கு ஐந்து மதிப்பெண் வாங்கிய இயந்திரம் செய்த வேலை இது.

அந்தப் பையன் பிறந்த ஊருக்கு மட்டும் நெடுநாள் ரயில் வரவே இல்லை. மேற்கே விருதுபட்டியில் 1876 முதல் ரயில். 1923-ல் அந்த ஊர் விருதுநகர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கிழக்கே மானாமதுரையில், மதுரை–மண்டபம் பாதை வந்த 1902 முதல் ரயில். நடுவில் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இரண்டு பக்கத்துக்கும் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தன. கரிசலில் விளைந்த பஞ்சு விருதுபட்டிச் சந்தைக்கும், அங்கிருந்து ரயிலில் தூத்துக்குடிக்கும் போனது. கரிசல் மண்ணும் ரயிலுக்குச் சிநேகிதன் இல்லை. மழையில் ஊதும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். ஜல்லியை விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும்.

கடைசியில் 1963-ல் விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்கும், மறு ஆண்டில் திருச்சுழி வழியாக மானாமதுரைக்கும் மீட்டர் கேஜ் வந்தது. தென்னிந்திய ரயில்வே 1951-லேயே தெற்கு ரயில்வேக்குள் போய்விட்டிருந்தது. உலகம் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் நம் ஊருக்கு முதல் எஞ்சின் நீராவியாகத்தான் வந்தது. அதன் மேலும் குறை சொல்ல முடியாது. கொதிகலன் பெரிதாகியிருந்தது, நீராவியை மறுபடி சூடாக்கி ஈரம் போக்கும் ஏற்பாடு வந்திருந்தது. ஆனால் புகைபோக்கி வழியே தண்ணீரைக் கொட்டிக்கொண்டு போகும் அடிப்படை மாறவில்லை. டிரெவிதிக் செய்ததும், திருச்சுழியில் நின்றதும் அந்த விஷயத்தில் ஒன்றே. பிறகு டீசல் வந்தது. அதற்கும் தண்ணீர் உண்டு. ஆனால் ஊற்றிய தண்ணீரே ரேடியேட்டரில் சுற்றிச் சுற்றி வரும். 2013-ல் பாதையும் அகலமாகித் திறந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு எஞ்சின் ஒன்று ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், 1855-ல் லீட்ஸில் செய்த ‘எக்ஸ்பிரஸ்’ இருக்கிறது. பெரம்பூர் பட்டறை 2010-ல் அதை மீண்டும் உயிர்ப்பித்தது. சென்னையில் பாரம்பரிய ஓட்டம் என்று அவ்வப்போது எடுப்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கிளம்பும்போது ஒரு சுற்றுக்கு நான்கு மூச்சு வருகிறதா என்று எண்ணச் சொல்லுங்கள்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாகவோ டிரைவராகவோ ஷெட்டில் பாய்லர் கழுவுபவராகவோ வேலை பார்த்த பெரியவர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், எந்த ஸ்டேஷன் தண்ணீர் நல்ல தண்ணீர், எந்த ஸ்டேஷனில் பிடித்தால் நுரை கக்கும், எங்கே பிடிக்காமலே தாண்டிப் போவார்கள் என்று ஊர் ஊராகக் கேளுங்கள். அந்தப் பட்டியல் அவர்கள் நினைவில் இருக்கிறது. தேதி போட்டு எழுதி வையுங்கள். நம் மாவட்டத்து நிலத்தடி நீர் அன்றைக்கு எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நம்பகமான சாட்சி கிடைப்பது கடினம்.